பத்தாண்டு ஒன்றா, பலவா?

மொழியைக் கற்பிப்போர் இருவகையினர். சொல்லை மட்டும் பார்த்துத் திருத்துவோர் ஒரு வகையினர். சொல்ல வந்த பொருளை உணர்ந்து சொல்லைத் திருத்துவோர் மற்றொரு வகையினர். நாம் எவ்வகையினர் என்னும் வினாவை நமக்குள் எழுப்பியது ஒரு சிறு நிகழ்ச்சி. அதனையும் அதன்வழி எழுந்த எண்ணங்களையும் மாணவச் செல்வங்கள், உடன் பணிபுரியும் ஆசிரியப் பெருமக்கள், கல்விக்குத் தோள்கொடுத்துவரும் சமுதாயப் பெரியோர் ஆகிய அனைவர் முன்னும் இம்மலரின் வாயிலாக வைக்க விழைகின்றோம்.

நம் துறையில் பயிலும் இளங்கலை மாணவர் ஒருவர் ஒருநாள் பிற்பகல் இரண்டு தாள்களுடன் நம்மிடம் வந்தார். இரண்டும் ஆங்கிலப் பாடத்திற்கு உரியவை. முதல் தாள் இலக்கணப் பயிற்சி. ‘பத்து ஆண்டு என்பது நீண்ட காலம்’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரில் வினை நிற்கவேண்டிய இடம் வெற்றிடமாக விடப்பட்டிருந்தது. ‘இயர்ஸ்’ என்பது பன்மையாயிற்றே என்று கருதிய மாணவர் ‘ஆர்’ என்று நிரப்பியிருந்தார். அது அடிக்கப்பட்டு ‘இஸ்’ என்று திருத்தப்பட்டிருந்தது. இரண்டாம் தாள் ‘என் குடும்பம்’ என்னும் தலைப்பிலான கட்டுரை. தந்தையார் வளைகுடா நாட்டுக்குப் பிழைப்புத் தேடிச் சென்று பத்து ஆண்டு கடந்ததைச் சொல்ல வந்த மாணவர், முன்பு பெற்ற திருத்தத்தை நெஞ்சில் நிறுத்தி, ‘டென் இயர்ஸ் ஹேஸ் பாஸ்டு’ என்று ஒருமை வினை கொடுத்து எழுதியிருந்தார். அதுவும் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டு ‘ஹேவ்’ என்று மாற்றப்பட்டிருந்தது.

‘ஐயா, பன்மை என்று எழுதினேன், ஒருமை என்றார்கள். ஒருமை என்று எழுதினேன், பன்மை என்கிறார்கள். இரண்டும் அதே பத்து வருஷம்தானே ஐயா? அது ஒன்றா, பலவா?’ என்று கேட்டார்.

உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. மறுநாள் சொல்வதாகக் கூறி அனுப்பினோம். மறுநாள் அவர் அக்கட்டுரையின் செம்மைப்படியைக் கொண்டுவந்து காட்டினார். அதில் தந்தையாரைப் பற்றிய அவ்வரியே இல்லை. ஏன் என்று வினவினோம். ‘அந்த வரி இல்லாவிட்டால் தப்பும் இல்லையே ஐயா’ என்றார்.

ஒரு வினைச்சொல்லுக்கு அஞ்சி, ஒரு மகன் தன் தந்தையைக் கட்டுரையிலிருந்து நீக்கிவிட்டார். நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது இதுவே.

ஆங்கிலம் கேட்கும் கேள்வி

ஆங்கிலத்தில் எழுவாய் ஒருமையாயின் வினையும் ஒருமை. எழுவாய் பன்மையாயின் வினையும் பன்மை. இது தொடக்கப் பள்ளியிலேயே நாம் கற்கும் பாடம். ஆயினும் ஆங்கிலம் இவ்வொரு விதியால் மட்டும் இயங்குவதன்று. குவர்க், கிரீன்பாம், லீச், சுவார்ட்விக் ஆகிய நால்வரும் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட பேரிலக்கண நூல், எழுவாய் வினை இயைபுக்கு மூன்று நெறிகளைக் காட்டுகின்றது. சொல்லின் வடிவத்தை நோக்கி இயைவது ஒன்று. சொல் குறிக்கும் கருத்தை நோக்கி இயைவது மற்றொன்று. வினைக்கு அருகில் நிற்கும் சொல்லை நோக்கி இயைவது மூன்றாவது. இம்மூன்றும் சில இடங்களில் ஒன்றோடொன்று முரணும். அவ்வாறு முரணும் இடங்களுள் ஒன்றே காலத்தைக் குறிக்கும் தொடர்.

‘டென் இயர்ஸ் இஸ் எ லாங் டைம்’ என்னும் தொடரில் வடிவம் பன்மை, கருத்து ஒருமை. இங்கே பேசப்படுவன பத்துத் தனித்தனி ஆண்டுகள் அல்ல. பத்தாண்டு என்னும் ஓர் அளவே பேசப்படுகின்றது. துணியை முழக்கோலால் அளப்பதுபோல் காலத்தை ஆண்டால் அளந்து, அவ்வளவின் நீளத்தைச் சொல்கின்றோம். ஐந்து முழம் என்பது ஒரு துண்டுத் துணியே. ஐந்து துண்டுகள் அன்று. எனவே வினை ஒருமையாகின்றது. ‘இத்தேர்வுக்கு இரண்டு மணி நேரம் போதாது’, ‘மூன்று வாரம் மிகக் குறைந்த தவணை’ என்பன போன்ற தொடர்களிலும் ஆங்கிலம் ஒருமை வினையையே விரும்புகின்றது. பணத்துக்கும் தொலைவுக்கும் எடைக்கும் இதுவே நெறி.

‘டென் இயர்ஸ் ஹேவ் பாஸ்டு’ என்னும் தொடரிலோ நிலை வேறு. கடத்தல் என்பது ஒரு நிகழ்ச்சி. ஓராண்டு வந்தது, போயிற்று. அடுத்த ஆண்டு வந்தது, அதுவும் போயிற்று. இவ்வாறு பத்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. இங்கே ஆண்டுகள் அளவுகோலாக நிற்கவில்லை. நடந்து செல்வனவாக நிற்கின்றன. ஆதலின் வினை பன்மையாகின்றது. காலம் கழிதலையும் ஓடுதலையும் உருளுதலையும் குறிக்கும் வினைகள் எல்லாவற்றுக்கும் திருத்தமான ஆங்கில நடையில் பன்மையே பெருவழக்கு.

அளவாகக் கருதினால் ஒருமை. எண்ணிக்கையாகக் கருதினால் பன்மை என்பதே இதன் சாரம். ‘ஆண்டு’ என்னும் சொல் மாறவில்லை. ‘பத்து’ என்னும் எண்ணும் மாறவில்லை. பேசுவோர் காலத்தைப் பார்க்கும் பார்வையே மாறுகின்றது. நம் மாணவர் ஒரே பத்தாண்டைக் கண்டு மயங்கினார். ஆங்கிலமோ அவரை நோக்கி, ‘நீ அளக்கின்றாயா, எண்ணுகின்றாயா?’ என்று கேட்கின்றது. இக்கேள்வியை மாணவருக்கு எடுத்துச் சொல்லாமல் விடையை மட்டும் திருத்தினால் அவர் மயங்காமல் வேறென்ன செய்வார்?

மேலும் ஒன்று கூறவேண்டும். ‘ஹேஸ் பாஸ்டு’ என்னும் ஒருமை வழக்கும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரின் பேச்சிலும் எழுத்திலும் வாராமல் இல்லை. கழிந்த காலம் முழுவதையும் ஒரே பொழுதாகத் திரட்டிக் காணும்போது அவர்கள் அவ்வாறு கூறுவதுண்டு. அது பெருவழக்கன்று, ஆயினும் பகுத்தறிவுக்கு ஒவ்வாத பெரும்பிழையும் அன்று. நம் மாணவர் எழுதியதைப் ‘பிழை’ என்று வட்டமிடுவதைவிட, ‘இவ்விடத்தில் பன்மையே சிறப்பு’ என்று ஓரத்தில் குறித்திருக்கலாம். வட்டத்துக்கும் குறிப்புக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது.

விதியின் வரம்பு

வடிவம், கருத்து, அண்மை ஆகிய மூன்றும் தம்முள் எவ்வாறு போட்டியிடுகின்றன என்பதற்கு வேறு சில சான்றுகளையும் காட்டலாம். ஒன்றரை ஆண்டு கடந்ததை ஆங்கிலத்தில் இருவகையாகக் கூறலாம். ‘எ இயர் அண்ட் எ ஹாஃப்’ என்று தொடங்கினால் வினை ‘ஹேஸ்’. ‘ஒன் அண்ட் எ ஹாஃப் இயர்ஸ்’ என்று தொடங்கினால் வினை ‘ஹேவ்’. காலம் அதே ஒன்றரை ஆண்டுதான்.

‘ஓராண்டுக்கு மேல்’ என்பது பொருளால் ஒன்றினும் மிக்கது. ஆயினும் ‘மோர் தென் ஒன் இயர்’ என்பதற்கு வினை ஒருமை. ‘ஈராண்டுக்குள்’ என்பது பொருளால் இரண்டினும் குறைந்தது. ஆயினும் ‘லெஸ் தென் டூ இயர்ஸ்’ என்பதற்கு வினை பன்மை. இங்கே கருத்து தோற்று வடிவம் வெல்கின்றது. ‘மெனி எ இயர்’ என்பது பல ஆண்டுகளைக் குறித்தும் ஒருமை வினையையே ஏற்கின்றது. இவற்றை நோக்குங்கால், கருத்தே எங்கும் ஆளும் என்றோ, வடிவமே எங்கும் ஆளும் என்றோ ஒற்றை விதி கூறுதல் இயலாது என்பது விளங்கும்.

நம் நாட்டு மாணவர் பலர் பயிலும் ரென், மார்ட்டின் இலக்கண நூலிலும், ஓர் அளவை முழுமையாகக் கருதுமிடத்து ஒருமை வினை வரும் என்னும் விதி உண்டு. அவ்விதியின் உயிர் ‘முழுமையாகக் கருதுமிடத்து’ என்னும் பகுதியில் உள்ளது. வகுப்பறையில் அப்பகுதி நழுவிவிடுகின்றது. ‘காலம் வந்தால் ஒருமை’ என்று சுருங்கிவிடுகின்றது. சுருங்கிய விதியை நம்பிய மாணவரை அவ்விதியே கைவிட்டுவிடுகின்றது.

சொற்கள் கூறும் வரலாறு

காலத்தைத் திரட்டி ஒன்றாகக் காணும் வழக்கம் ஆங்கிலத்தின் வேரிலேயே உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் ஆண்டு, இரவு ஆகியவற்றைக் குறித்த பெயர்கள் எழுவாய் வடிவில் ஒருமைக்கும் பன்மைக்கும் மாறாமல் நின்றன. பன்மை காட்டும் ‘எஸ்’ என்னும் ஈறு இவற்றின்மேல் பின்னரே வந்து ஏறியது. இன்றும் பிரித்தானிய வட்டார வழக்குகளில் ‘டென் இயர்’ என்று ஈறின்றிக் கூறுவோர் உளர்.

இருவார காலத்தைக் குறிக்கும் ‘ஃபார்ட்நைட்’ என்னும் சொல் ‘பதினான்கு இரவு’ என்னும் தொடர் சுருங்கிப் பிறந்தது. பதினான்கு இரவாயினும் அச்சொல்லில் ‘எஸ்’ இல்லை. பதினான்கும் சேர்ந்து ஒரே பெயராகி, ஒருமை வினையை ஏற்று நிற்கின்றது. பழைய நூல்களில் வரும் ‘ட்வெல்வ்மந்த்’ என்னும் சொல்லும் அத்தகையது. பன்னிரண்டு மாதமும் திரண்டு ஓராண்டாகிவிட்டன.

‘பத்தாண்டுக்கு முன்’ என்று சொல்ல உதவும் ‘அகோ’ என்னும் சொல்லின் வரலாறும் அறியத்தக்கது. கடந்துபோதலைக் குறித்த பழைய வினை ஒன்றின் எச்சமே அச்சொல். ‘டென் இயர்ஸ் அகோ’ என்று நாம் இன்று கூறும்போது ‘பத்தாண்டு போக’ என்பதையே கூறுகின்றோம். ஆண்டுகள் நடந்துபோகும் காட்சி அச்சொல்லுக்குள் மறைந்து கிடக்கின்றது. ஆக, அளத்தலும் எண்ணுதலும் ஆகிய இரு பார்வைகளும் அம்மொழியில் தொன்றுதொட்டு உடன்வாழ்கின்றன. நேற்று வகுக்கப்பட்ட தேர்வு விதி அன்று இது.

நம் மொழியின் நிலை

இனி நம் வீட்டை நோக்குவோம். ‘அத்தா போய்ப் பத்து வருஷம் ஆச்சு’ என்றுதான் நம் இல்லங்களில் கூறுகின்றோம். ‘ஆச்சு’ என்பது ‘ஆயிற்று’ என்பதன் மரூஉ. ‘று’ என்னும் ஈறு கொண்ட ஒன்றன்பால் வினை. து, று, டு என்பன ஒன்றன்பாலுக்கும் அ, ஆ, வ என்பன பலவின்பாலுக்கும் உரிய ஈறுகள் எனத் தொல்காப்பியர் வகுத்தமை தமிழ் மாணவர் நன்கறிந்ததே.

‘பத்து’ என்னும் எண் வெளிப்படையாக நிற்க, ஒன்றன்பால் வினை வரலாமா? ‘பத்து ஆண்டுகள் ஆயின’ என்றுதானே இருத்தல் வேண்டும்? இவ்வாறு கேட்டு, ‘பத்து ஆண்டு ஆயிற்று’ என்று எழுதிய மாணவர்களின் விடைத்தாள்களில் நாமே சிவப்புக் கோடு இட்டிருக்கின்றோம். இதனை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. ஆங்கிலத் துறையைக் குறைகூறுவது நம் நோக்கமன்று என்பதற்கு இதுவே சான்று.

அக்கோடு தேவையற்றது என்று இப்போது கருதுகின்றோம். தமிழில் அஃறிணைப் பெயர் பல, தம் வடிவால் ஒருமை பன்மை காட்டுவதில்லை. மாடு, மரம், நாள், ஆண்டு என்பன அத்தகையன. ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ என வினையைக் கொண்டே பாலை உணர்கின்றோம். பால்பகா அஃறிணைப் பெயர் என்று நன்னூல் வழி நாம் கற்பிப்பது இதனையே. எண்ணுப்பெயர் முன்வந்தால் ‘கள்’ என்னும் ஈறு கட்டாயமும் அன்று. பத்துப்பாட்டு என்றனர் முன்னோர், பத்துப்பாட்டுகள் என்றாரல்லர். 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் அரங்கேற்றிய நூலின் பெயர் ‘ஆயிர மசலா’. மசலா என்பது ‘வினா’ என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் ஒருமை வடிவம். ஆயிரம் வினாக்கள் இருந்தும் ஒருமைச் சொல்லே போதுமாயிற்று. நம் இல்லத்துப் பெண்மணிகள் ‘முப்பது நோன்பும் முடிந்தது’ என்கின்றனர். அதில் பிழை காண்பார் யார்?

எண் வருமிடத்து வினை பலவின்பாலாதலே முறை என்று வாதிடும் ஆசிரியர் உளர். அவர்தம் வாதத்தை நாம் முற்றிலும் மறுக்கவில்லை. ‘பத்து மாடு வந்தது’ என்று எழுதுவதைவிட ‘பத்து மாடு வந்தன’ என்று எழுதுவதே திருந்திய நடை. ஆயினும் மாட்டுக்கும் ஆண்டுக்கும் வேறுபாடு உண்டு. ‘பத்து மூட்டை நெல் விளைந்தது’ என்று எழுதுகின்றோம், விளைந்தது நெல், மூட்டை அதன் அளவு. அதுபோலப் ‘பத்து ஆண்டு ஆயிற்று’ என்னுமிடத்து ஆனது காலம். ஆண்டு அதன் அளவு. காலம் என்னும் சொல் வெளிப்படாமல் நிற்கின்றது, அவ்வளவே. ‘ஆண்டுகள் பத்தும் உருண்டோடின’ என்னும்போதோ ஆண்டுகளே எழுவாய். ஆதலின் வினை பலவின்பால். ‘ஆண்டுகள் பத்தும் உருண்டோடியது’ என்று எழுதினால் அது வழுவே. அதனைத் திருத்தத்தான் வேண்டும்.

அளந்தால் ஒருமை, எண்ணினால் பன்மை என்று ஆங்கிலத்தில் கண்ட வேறுபாடு நம் தமிழிலும் இருப்பதைக் காண்கின்றோம். நம் மாணவர் அறியாத ஒன்றை ஆங்கிலம் கேட்கவில்லை. அவர் தாய்மொழியில் நாள்தோறும் செய்துவருவதையே கேட்கின்றது. இதனை எடுத்துக்காட்ட ஒருவரும் இல்லாமற்போனதுதான் குறை.

தமிழ்ப் பேச்சுவழக்கில் அஃறிணைப் பன்மை வினை வழக்கொழிந்துவிட்டமையும் மாணவரின் இடர்ப்பாட்டுக்கு ஒரு காரணமாகும். ‘மாடெல்லாம் வந்துச்சு’, ‘வருஷமெல்லாம் ஓடிப்போச்சு’ என்றே பேசுகின்றோம். ஒன்றானாலும் பலவானாலும் பேச்சில் ஒரே வினை. இப்பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதப் புகும் மாணவர் ‘ஹேஸ்’ என்று எழுதுவது சோம்பலால் அன்று. தம் நாவில் ஊறிய மொழியின் இயல்பால். காரணம் அறிந்த ஆசிரியர் சினம் கொள்ளார்.

அரபு காட்டும் மற்றொரு வழி

நம் கல்லூரியில் அரபு பயிலும் மாணவர் பலர் உளர். அவர்களுக்கு எண்ணும் பெயரும் இயையும் வேறொரு முறை பழக்கமானது. அரபியில் மூன்று முதல் பத்து வரை எண்ணப்படும் பெயர் பன்மை. பதினொன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை ஒருமை. பத்து ஆண்டு என்றால் ‘ஸனவாத்’ என்னும் பன்மை. பதினோர் ஆண்டு என்றால் ‘ஸன’ என்னும் ஒருமை வடிவம். நூறும் ஆயிரமும் ஒருமைப் பெயரையே கொள்ளும். இன்னும், மக்களல்லாத பொருள்களின் பன்மைக்குப் பெண்பால் ஒருமை வினையே வரும். ஆண்டுகள் எத்தனை கடந்தாலும் அரபியில் வினை ஒருமைதான்.

ஒரே மாணவர் காலையில் அரபும் நண்பகலில் ஆங்கிலமும் பிற்பகலில் தமிழும் கற்கின்றார். மூன்று மொழிகளும் பத்தாண்டை மூன்று வகையாக நடத்துகின்றன. எதுவும் மற்றொன்றினும் தாழ்ந்ததன்று. ஒவ்வொன்றும் தன் நெறியில் தெளிவுடையது. மூன்று துறைகள் மூன்று மாடிகளில் இயங்கலாம், மாணவர் ஒருவரே. அவருடைய ஒரே நெஞ்சில் இம்மூன்றும் மோதிக்கொள்ளும்போது, ‘அது என் பாடமன்று’ என்று ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒதுங்கிக்கொள்ளுதல் முறையாகுமா?

சில மறுப்புகளும் விடைகளும்

‘தேர்வுக்கு ஒரே விடை வேண்டும், பார்வை, கருத்து என்றெல்லாம் பேசினால் மதிப்பெண் எவ்வாறு இடுவது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. தெளிந்த இடங்களை வினாவாக்கினால் இவ்விடர் இல்லை. ‘நீண்ட காலம்’ என்னும் பயனிலை வருமாயின் ஒருமை, அதில் ஐயமில்லை. ஐயத்துக்கு இடமான தொடரை வெற்றிடமாக்கி ஒற்றை விடை கேட்பதே தவறு. வினாத்தாள் அமைப்போர் சிறிது கருத்தூன்றினால் தீரும் குறை இது.

‘முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருவோருக்கு இத்துணை நுட்பம் எதற்கு? விதியைச் சொன்னால் போதாதா?’ என்பாரும் உளர். நாம் இதற்கு நேர்மாறாக எண்ணுகின்றோம். வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு விதி தேவையில்லை. அப்பிள்ளையின் செவியே ‘இஸ்’ எது, ‘ஹேவ்’ எது என்று சொல்லிவிடும். செவியின் துணை இல்லாத நம் பிள்ளைக்குத்தான் காரணம் தேவை. காரணம் அறிந்தவர் புதிய தொடரையும் தாமே அமைப்பார். விதியை மட்டும் மனனம் செய்தவர் புதிய தொடரைக் கண்டதும் அஞ்சுவார்; அஞ்சியவர் எழுதாமல் விட்டுவிடுவார். எழுதாமல் விட்டதற்குத் தேர்வில் மதிப்பெண் குறைவதில்லை, வாழ்க்கையில் குறைகின்றது. நேர்முகத் தேர்வில் வாய் திறக்காமல் திரும்பிவரும் நம் பட்டதாரிகள் பலருடைய மௌனத்திற்கு ஆங்கிலம் அறியாமை மட்டுமே காரணமன்று. பிழை வந்துவிடுமோ என்னும் அச்சமும் பெருங்காரணம்.

செய்யத்தக்கன

நம் வேண்டுகோள்கள் எளியன. முதலாவது, கல்வியாண்டின் தொடக்கத்தில் தமிழ், ஆங்கிலம், அரபு ஆகிய துறைகளின் ஆசிரியர்கள் ஒன்றுகூடி, எண்ணும் வினையும் இயையும் முறையை ஒரே வகுப்பில் ஒப்பிட்டுக் காட்டலாம். இதற்குப் பொருட்செலவு இல்லை. இரண்டு மணி நேரம் போதும்.

இரண்டாவது, திருத்தும்போது காரணத்தை ஓரிரு சொற்களில் ஓரத்தில் எழுதலாம். ‘அளவு’, ‘எண்ணிக்கை’ என்னும் இரு சொற்களே நம் மாணவரின் மயக்கத்தைத் தீர்த்திருக்கும். விடைத்தாள் கட்டுகளின் சுமையை நாமும் அறிவோம். ஆயினும் எல்லாத் தாளிலும் இயலாவிடினும், ஒரே பிழை மீண்டும் வரும் தாளிலேனும் எழுதலாம்.

மூன்றாவது மாணவர்க்கு. ஐயம் தோன்றுமிடத்து ஒதுங்கிவிடாமல் வேறு வழியில் அவ்வெண்ணத்தைக் கூறப் பழகுங்கள். ‘இட் ஹேஸ் பீன் டென் இயர்ஸ்’ என்று தொடங்கினால் எழுவாய் ‘இட்’ என்னும் ஒருமைச் சொல். ஆண்டு எத்தனையானாலும் வினை மாறாது. ‘இட் இஸ் டென் இயர்ஸ் சின்ஸ்’ என்பதும் மரபே. இவ்விரண்டும் நம் ‘பத்து ஆண்டு ஆயிற்று’ என்பதற்கு மிக நெருங்கியவை. மொழியில் ஒரு கதவு அடைபட்டால் மற்றொரு கதவு திறந்தே இருக்கும். சொல்ல வந்ததைச் சொல்லாமல் மட்டும் திரும்பிவிடாதீர்கள்.

மீண்டும் அந்த வரி

அம்மாணவரை மறுபடியும் அழைத்து அமரவைத்தோம். இக்கட்டுரையில் கூறியவற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்தபின், ‘அந்தப் பத்தாண்டு உங்கள் வீட்டில் எவ்வாறு போயிற்று, தம்பி?’ என்று கேட்டோம்.

சற்றுநேரம் எண்ணிப்பார்த்துச் சொன்னார்: ‘ஒவ்வொரு பெருநாளுக்கும் அத்தா அடுத்த வருஷம் வந்துவிடுவார்கள் என்று அம்மா சொல்வார்கள், ஐயா. அப்படியே பத்துப் பெருநாள் போய்விட்டது. நடுவில் இரண்டு தடவைதான் விடுமுறையில் வந்து போனார்கள்.’

‘அப்படியாயின் நீங்கள் எண்ணியிருக்கின்றீர்கள், எண்ணியதற்கு எது வினை?’ என்றோம். ‘ஹேவ்’ என்றார். ‘எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பத்தாண்டு எப்படிப்பட்டது?’ என்றோம். ‘ரொம்ப நீளம் ஐயா’ என்றவர், நாம் கேளாமலே, ‘அதற்கு இஸ்’ என்றார்.

செம்மைப்படியில் இப்போது இரண்டு வரிகள் உள்ளன. ‘டென் இயர்ஸ் ஹேவ் பாஸ்டு சின்ஸ் மை ஃபாதர் வென்ட் அப்ராட். டென் இயர்ஸ் இஸ் எ லாங் டைம்.’ தந்தை அயல்நாடு சென்று பத்தாண்டுகள் கடந்துவிட்டன. பத்தாண்டு என்பது நீண்ட காலம். அடுத்தடுத்த வரிகளில் ஒன்று பன்மை, ஒன்று ஒருமை. இரண்டிலும் பிழையில்லை. முன்பு ஒரு வரிக்கு அஞ்சியவர் இப்போது இரண்டு வரி எழுதியிருக்கின்றார்.

இலக்கணம் வாயை அடைப்பதற்கு வந்ததன்று. நெஞ்சில் உள்ளதைப் பிறர் உணருமாறு சொல்வதற்குத் துணையாக வந்தது. மாணவச் செல்வங்களே, பிழைக்கு அஞ்சாதீர்கள். பிழையின் காரணத்தைக் கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே, காரணத்தைக் கேட்கும் மாணவரை வரவேற்போம். பெரியோர்களே, உங்கள் பிள்ளைகள் கொண்டுவரும் மதிப்பெண்ணைப் பார்ப்பதோடு, அவர்கள் எழுதிய வரிகளையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அவற்றுள் உங்களைப் பற்றிய வரியும் இருக்கக்கூடும்.